மஞ்சத்துணியில் முடிஞ்ச காசு

உக்காரு கண்ணு. அந்தச் சேரு வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும், இதுல உக்காரு. மோரு குடிக்கறயா? காப்பி கேக்காத, பாலு சாயந்தரந்தான் வரும். வெயில்ல வீடு வீடா நடந்து வந்திருக்கற, மூஞ்சி கன்னிப் போயிருக்குது. காலேஜு புராஜெக்டுங்கற. சரி, கேளு. வருமானம் எழுதிட்ட, செலவும் எழுதிட்ட. அடுத்து என்ன, சேமிப்பா? எங்க வெச்சிருக்கறோம்னு கேக்குதா அந்தத் தாளு? பேங்கு, போஸ்டாபீசு, சீட்டு, நகை, மற்றவை. அவ்வளவுதானா? அப்ப மத்ததுல போட்டுக்க. மத்ததுன்னா என்னன்னு பக்கத்துல எழுதணுமா? செல்லாண்டியம்மன்னு எழுது.

சிரிக்காத கண்ணு, நெசமாத்தான் சொல்றேன். அது எப்படின்னு தெரியணும்னா நீ சித்த நேரம் உக்காந்து கேக்கணும். பக்கத்து ஊட்டுக்கு அப்புறம் போலாம், அவங்க எப்படியும் இந்நேரத்துக்குக் கதவைத் தொறக்க மாட்டாங்க.

என்ற பேரு துளசிமணி, அது மேலயே எழுதிட்ட. திருப்பூருல பனியன் கம்பெனில செக்கிங். துணியில ஓட்டை இருக்குதா, தையல் உட்டிருக்குதான்னு பாத்துப் பாத்துத் தள்ளறது. என்ற கண்ணுக்குத் தப்பி ஒரு பனியன் வெளிய போனதில்லன்னு சூப்பர்வைசரே சொல்லுவாரு. வாரத்துக்கு ரெண்டாயிரத்தி நானூறு. ஊட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. காங்கேயம் ரோட்டுல தேங்காக் களம் இருக்குதல்ல, தேங்காயை ஒடச்சுப் பருப்பாக் காய வெச்சு எண்ணெய் மில்லுக்கு அனுப்புவாங்களே, அங்க எடை போடற வேலை. சனிக்கெழமை சம்பளம். கவர்ல போட்டுக் குடுப்பாங்க. கவரு மேல மூவாயிரத்தி எரநூறுன்னு பேனாவுல எழுதியிருக்கும். உள்ள மூவாயிரத்தி நூறுதான் இருந்துட்டிருந்துது.

அந்த நூறு எங்க போச்சு? கேட்டா டீக் குடிச்சேம்பாரு, பஸ்சுக்கு ஆச்சும்பாரு, ஒருத்தன் கேட்டாம்பாரு. முந்தியெல்லாம் ஐநூறு கொறையும், ஆயிரம் கொறையும். அப்பறம் நாலு வருசமா நூறோட நின்னுது. நான் போட்ட சத்தம் அந்த அளவுக்காச்சும் வேலை செஞ்சிருக்குது.

நீ தப்பா நெனச்சுக்காத. குடி கெடையாது, பீடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது. கெட்ட பழக்கம் ஒண்ணு இருந்தா அதை உடுன்னு சொல்லலாம். இவருக்கு இருக்கறது இல்லைன்னு சொல்லத் தெரியாத நோவு. களத்துல ஒருத்தன் தலையச் சொறிஞ்சுட்டு வந்து நின்னாப் போதும், இவரு கை பாக்கெட்டுக்குப் போயிரும். திருப்பி வாங்கத் தெரியுமான்னா அதுவும் தெரியாது. குடுத்தவனைக் கண்டா இவரு சந்து மாறிப் போவாரு. ஏனுங்க, வாங்குனவன்தான ஒளியணும், நீங்க எதுக்கு ஒளியறீங்கன்னு கேட்டா, பாவம், நம்மளப் பாத்தா அவனுக்குச் சங்கடமா இருக்கும்ல துளசிங்கறாரு. இந்த மனுசன வெச்சுக்கிட்டு நான் ரெண்டு பொட்டப் புள்ளைகளக் கரை சேக்கணும்.

செலவுங்கறது ரெண்டே வகைதான் கண்ணு, இதையும் வேணும்னா எழுதிக்க. வாயி கேக்கற செலவு ஒண்ணு, ஊரு கேக்கற செலவு ஒண்ணு. வாயி கேக்கறத அடக்கிப் போடலாம். எங்கூட்டுல காஸ் சிலிண்டரு அறுவத்தஞ்சு நாளு வரும். பருப்பை ஊறப் போட்டு வேக வெக்கணும், சோத்துக் கஞ்சிச் சூட்டுலயே முட்டையப் போட்டு எடுக்கணும். எண்ணெய் களத்துலருந்து ஓரஞ்சாரம் கெடைச்சுரும். பொம்பளைகளுக்கு டவுன் பஸ்சு காசில்லைங்கறதனால கடை கண்ணிக்கு நாந்தான் போவேன், இவர உட மாட்டேன். ஊரு கேக்கற செலவுதான் ஆளக் கொல்லும். கலியாண மொய், காது குத்து மொய், சீரு, எழவுக்குக் கோடித்துணி. அதுக்கு இல்லைன்னு சொன்னா ஒறம்பரை, சொந்தபந்தத்துக்குள்ள தலை காட்ட முடியாது.

அதுக்கு நடுவுல மிச்சம் புடிக்கறதக் கூட நான் புடிச்சுருவேன். புடிச்சத எங்க வெக்கறதுங்கறதுதான் கேள்வியே. அரிசி டிரம்முக்குள்ள நாலாயிரம் வெச்சேன். களத்துல மூட்டை தூக்கறவன் பொண்டாட்டிக்குப் பிரசவம்னு எடுத்துக் குடுத்துட்டாரு. போஸ்டாபீசுல போட்டேன். அவரு தங்கச்சி ஊடு கட்டறான்னு நாலு நாளாச் சோறு எறங்காம உக்காந்திருந்தாரு, நானே கையெழுத்துப் போட்டு எடுத்துக் குடுத்தேன். தீவாளிச் சீட்டுப் போட்டேன். சீட்டுக்காரி ஐப்பசி பொறக்கறதுக்குள்ள ஊரையே காலி பண்ணிட்டா. அரைப் பவுன்ல மோதரம் எடுத்து வெச்சேன், அது என்ற வெரல்ல இருந்ததைக் காட்டியும் அடகுக் கடையில இருந்த நாளு அதிகம்.

அப்பறந்தான் அவரு காலு மேல மூட்டை உழுந்துது. நாலு வருசம் முந்தி, ஆடி மாசம். பாதம் வீங்கி இந்தத் தண்டி ஆயிருச்சு, எலும்பு ஒடஞ்சிருக்குமோன்னு பயம். எக்ஸ்ரே எடுக்கப் போறதுக்கு முன்னால நான் என்ன பண்ணினேன், நம்ம பக்கம் எல்லாரும் பண்றதுதான், மஞ்சத்தண்ணியில துணிய நனைச்சு, பதினோரு ரூபாய அதுல முடிஞ்சு, செல்லாண்டியம்மா, என்ற ஊட்டுக்காரரு கால நல்லபடியா ஆக்கிக் குடு, உன்ற கோயிலுக்கு வந்து செலுத்தறேன்னு வேண்டிச் சாமி அலமாரியில வெச்சேன். எலும்பு ஒடையல, வெறும் சுளுக்குதான். உடனே போய்ச் செலுத்தியிருக்கணும். கம்பெனி வேனு, வேலைன்னு நாளு தள்ளிப் போச்சு.

அப்ப ஒண்ணு கவனிச்சேன் கண்ணு. இவரு காலையில போறப்பவும் அந்த முடிச்சப் பாத்துக் கும்புடறாரு, வர்றப்பவும் கும்புடறாரு. ஒருநா பக்கத்துக் காட்டுக்காரரு அவசரம்னு வந்து நிக்கறாரு. ஊடு பூராத் தேடறாரு இவரு. அரிசி டிரம்ம ஒலப்பறாரு, என்ற சேலை மடிப்பெல்லாம் பிரிக்கறாரு. சாமி அலமாரியில கண்ணெதுக்க முடிச்சு இருக்குது, அதைத் தொடல. துளசி, அது ஆத்தா காசு, வேறெங்கயாச்சும் வெச்சிருக்கறயாங்கறாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வல்ல. இத்தன வருசமா ஊரெல்லாம் சுத்தித் தேடுன பேங்கு என்ற அலமாரியிலயே இருந்திருக்குது.

அடுத்த வெள்ளிக்கெழமை வெளக்குப் பத்த வெச்சுட்டு ஆத்தாகிட்டப் பேசினேன். ஒளிவு மறைவு வெச்சுக்கல. ஆத்தா, உன்ற பதினோரு ரூபா உனக்கு, அதுல நான் கை வெக்க மாட்டேன். கூட வெக்கறது பிரதீபா படிப்புக்கு. நீ பேரு மட்டும் குடு, காவல் மட்டும் இரு. அதுக்கு வெள்ளிக்கு வெள்ளி சூடம், வருசத்துக்கு ஒரு தேங்கா. சம்மதம்னா பல்லி கத்தட்டும்னேன். பல்லி கத்துச்சு. எங்கூட்டுல பல்லி எந்நேரமும் கத்தும், அது வேற.

அவருகிட்ட என்ன சொன்னேன்னு கேக்கறயா? வேண்டுதல் பெருசுங்க, சித்தஞ்சித்தமாத்தான் சேக்கணும்னேன். என்ன வேண்டுதல்னு அவரு கேக்கல. வேண்டுதல வெளிய சொன்னாப் பலிக்காதல்ல. பொய்யா அதுன்னு நீ கேட்டா நான் இல்லம்பேன். அவரு கேக்காதத நான் சொல்லல.

வாரம் எரநூறு. முடிஞ்ச முடிச்ச அவுத்தாத் தெய்வக் குத்தம், அதனால நோட்டச் சுருட்டி முடிச்சு இடுக்கு வழியாத் திணிப்பேன். கணக்கு எனக்கு மனசுலயே நிக்கும். மூணு வருசத்துல அது ஒரு பப்பாளிக்காத் தண்டி ஆயிருச்சு, மேல மேல துணி சுத்தினேன். அவருக்கு அது பெருசாகப் பெருசாகப் பக்தியும் பெருசாச்சு. அதுலயும் சம்பளத்தன்னிக்குப் பக்தி ஜாஸ்தி. களத்துலருந்து வந்ததும் கைகாலு கழுவிட்டு நேராச் சாமி அலமாரிக்குப் போவாரு, கதவை ஒருக்களிச்சுச் சாத்திக்குவாரு. அப்பறந்தான் கவரு என்ற கைக்கு வரும். கவரப் பிரிச்சா நூறு கொறையும். சாமி கும்புட்டுட்டு வந்த வாயாலயே டீக் குடிச்சேன்னு பொய் சொல்லுவாரு பாரு, அதுதான் எனக்கு ஆத்தரமா வரும்.

ஏன் பொய்யின்னு சொல்றேன்னா, களத்துக்கு எதுக்க டீக்கடை வெச்சிருக்கறவன் எங்கூருக்காரன். உங்கூட்டுக்காரரு டீக் குடிக்க வந்தே வருசம் ரெண்டாச்சுங்கக்கான்னு என்ற கிட்டயே சொன்னான். அப்ப பாரு, கடை டீ பத்தாம ஏதோ பேக்கரியில ஏலக்கா டீக் குடிக்கறாரு. பஸ்சுக்கு ஆச்சுங்கறாரே, தெனமும் களத்துலருந்து நடந்து வர்றதப் பாத்தவங்க எத்தனை பேரு. மூணு மைலு. ஏனுங்க நடந்து வர்றீங்கன்னா, காலுக்கு நல்லதுன்னு டாக்டரு சொன்னாருங்கறாரு.

சரி, விசயத்துக்கு வர்றேன். மோரு போதுமா, இன்னொரு டம்ளரு ஊத்தட்டுமா?

போன வருசம் பெரியவ பிரதீபா பன்னெண்டாவது முடிச்சா. நல்ல மார்க்கு. நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா. அப்பன் காலு வீங்கிக் கெடந்தப்ப ஆஸ்பத்திரியில கட்டுப் போட்ட நர்சம்மா ஒண்ணு, அதைப் பாத்ததுலருந்து அதே பேச்சு. சீட்டுக் கெடைச்சாச் சேத்து உடறேன்னு நான் சொல்லிட்டேன். என்ற கணக்குல முடிச்சுக்குள்ள முப்பத்தோராயிரத்தி நானூறு இருக்குது, தைரியமாச் சொன்னேன். ஆனி மாசம் ஒரு திங்கக்கெழமை சீட்டு வந்துருச்சு. வெள்ளிக்கெழமைக்குள்ள பணம் கட்டலைன்னா அடுத்த பேருக்குப் போயிருமாம். பீஸு, ஹாஸ்டலு, யூனிபாரம், பொஸ்தகம் எல்லாஞ் சேத்து நாப்பத்தி மூணாயிரம்.

எனக்கு அதைக் கம்பெனிக்குப் போன் பண்ணிப் பிரதீபா சொன்னா. கையில இருக்கறது போகப் பதினொண்ணாயிரத்தி சொச்சம் இடிக்குது. மேனேஜர்கிட்ட முன்பணம் கேட்டேன், கைய விரிச்சுட்டாரு. சரி, பாதிக்கு மேல இருக்குதல்ல, மீதிக்கு ஊட்டுக்குப் போய் யோசிக்கலாம்னு வேன்ல வந்து எறங்கினேன்.

வாசப்படியில இவரு நிக்கறாரு. மொட்டைத் தலை. தலை பூராச் சந்தனம், நெத்தியில குங்குமம், கையில தேங்கா மூடி. மூஞ்சியில அப்பிடி ஒரு சந்தோசம். ஏனுங்க இது என்ன கோலம்னேன்.

"சீட்டு வந்துருச்சுன்னு புள்ள போன் பண்ணுச்சு. உடனே களத்துல சொல்லிட்டு வந்துட்டேன். நீ சொன்ன பெரிய வேண்டுதலு இதாத்தான் இருக்கும், பலிச்சுருச்சு துளசி. பலிச்ச அன்னிக்கே செலுத்தணும். உனக்கு வேலை, அலைய வேண்டாம்னு நானே போய்ட்டு வந்துட்டேன். முடிச்ச அந்த அகல வாயி உண்டியல்ல போட்டாச்சு. மொட்டை மட்டும் என்ற கணக்கு."

கண்ணு, திண்டாட்டம்னா திண்டாட்டம், சொல்லி அழுகக் கூட முடியாது. மூணு வருசமாப் புருசங்கிட்டச் சாமி பேரச் சொல்லி ஏமாத்தியிருக்கறேன்னு எந்த வாயால சொல்லறது? நல்லதுங்கன்னு சொல்லிட்டு உள்ள போய் அடுப்பங்கரையில உக்காந்துட்டேன். புள்ள வந்து, அம்மா பணம் எப்பக் கட்டறதுன்னு கேக்கறா. வெள்ளிக்கெழமைக்கு நாலு நாளு இருக்குது, போய்ப் படின்னு வெரட்டினேன். படிச்சு முடிச்ச புள்ளையப் போய்ப் படின்னு வெரட்டினேன்னாப் பாத்துக்க.

செவ்வாக்கெழமை கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். எங்க பங்காளிக கோயிலு, சின்னதுதான். பூசாரி மாரப்பன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உண்டியலுக்கு ரெண்டு சாவி, ஒண்ணு என்ற கிட்ட, ஒண்ணு தர்மகர்த்தாகிட்ட, பங்குனிப் பொங்கலுக்குத்தான் தெறப்போம், நீ அவரப் போய்ப் பாரும்மான்னான். தர்மகர்த்தா சென்னியப்பன், எனக்கு மாமா மொறை. காட்டுல தண்ணி கட்டிட்டிருந்தாரு. கேட்டுட்டு மம்பட்டியக் கீழ வெச்சாரு.

"ஏ அம்மிணி, முடிச்சு முடிஞ்சது ஆரு?"

"நாந்தானுங் மாமா."

"ஆரு பேரச் சொல்லி முடிஞ்ச?"

"ஆத்தா பேரச் சொல்லி. ஆனா அதுல பதினோரு ரூபாதானுங் வேண்டுதலு. மீதிக்கு நான் தனியாப் பேசி வெச்சிருந்தேன்."

"ஆருகிட்டப் பேசின?"

"ஆத்தாகிட்டத்தானுங்."

அவரு தலைத்துண்ட அவுத்து மூஞ்சியத் தொடச்சாரு. "நாப்பது வருசமாத் தர்மகர்த்தாவா இருக்கறேன் அம்மிணி, இப்பிடி ஒரு வழக்கு வந்ததில்ல. நாளான்னைக்கு வா. ஆத்தாளையே கேட்டுருவோம். ஆனாப் போட்டவன் கூட வரணும். அவனுக்குத் தெரியாம உண்டியலத் தெறக்கற சோலி என்ற கிட்ட வேண்டாம்."

அப்ப அவருகிட்டச் சொல்லித்தான் ஆகணும். புதங்கெழமை சாயந்தரம் சொன்னேன். அவரு சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவற வரைக்கும் காத்திருந்தேன், சோத்துல கை வெச்சிருக்கறப்பச் சொன்னா எந்திரிச்சுருவாருன்னு பயம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். சொல்லறப்பவே அழுதுட்டேன். நான் அழுகற பொம்பளை இல்ல கண்ணு, அன்னைக்கு அழுதேன். ஏமாத்துனதுக்கு அழுதேனா, புள்ள படிப்புப் போயிருமேன்னு அழுதேனா, இந்த மனுசன் வெள்ளை மனசா மொட்டை வேற போட்டுட்டு நிக்கறாரேன்னு அழுதேனா, எனக்கே தெரியல.

அவரு திரும்பி அந்த அலமாரியப் பாத்தாரு.

"அப்ப மூணு வருசமா நான் காலையிலயும் சாயந்தரமும் விழுந்து விழுந்து கும்புட்டது காலேஜு பீஸையா?"

ஆமாங்கன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. மொதல்ல அடக்கிப் பாத்தாரு, அப்பறம் முடியல, மொட்டைத் தலையத் தடவித் தடவிச் சிரிக்கறாரு. அவரு சிரிக்கறதப் பாத்து எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க, அந்தக் கதவத் தொறக்காதவங்க, அன்னைக்குத்தான் கதவத் தொறந்து எட்டிப் பாத்தாங்க.

"மொத்தம் எவ்வளவு துளசி?"

"முப்பத்தோராயிரத்தி நானூறு."

"அதுக்கு மேல இருக்கும்."

"கணக்குப் போட்டவ நான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இல்ல, ஆத்தா காசு, கொறையாதுன்னு சொன்னேன்." அப்பிடின்னுட்டு எந்திரிச்சுப் போய்ட்டாரு. இந்த மாதிரி நேரத்துல கூட ஆறுதலுக்கு வாய்க்கு வந்ததச் சொல்லற பழக்கம் போகல பாரு.

அடுத்த நாளு, வேசாலக்கெழமை, கோயிலு. எங்க பக்கத்துல சாமிகிட்டப் பூக் கேக்கறதுன்னு ஒண்ணு உண்டு. உனக்குத் தெரியுமா? வெள்ளைப் பூவு ஒரு பொட்டணம், செவப்புப் பூவு ஒரு பொட்டணம், ரெண்டையும் எலையில ஒண்ணாட்டக் கட்டிச் சாமி காலடியில போட்டு வேண்டிக்கிட்டு ஒண்ண எடுக்கணும். வெள்ளை வந்தாச் சாமி சம்மதிச்சுட்டான்னு அர்த்தம். செவப்பு வந்தா இல்லைன்னு அர்த்தம். வழக்கு என்னுதுங்கறதனால நான் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு தர்மகர்த்தா. இவருதான் எடுக்கணும். சம்பளக் கவரையே முழுசா எடுத்துட்டு வரத் தெரியாத கை, அதை நம்பி என்ற புள்ள படிப்பு.

ஆத்தா, காசத் திருப்பிக் குடுக்கறயான்னு கேட்டோம். எடுத்தாரு. செவப்பு.

இன்னொருக்காக் கேக்கலாம்னேன். ஒரே கேள்விய ரெண்டுதரம் கேக்கக் கூடாதுன்னான் மாரப்பன். அப்பறம் அவனே தர்மகர்த்தாவப் பாத்து, "ஏனுங்க, குடுத்ததத் திருப்பிக் கேட்டா எந்தச் சாமிதான் குடுக்கும்? பொங்கல் முடிஞ்சு கோயில் பணத்தப் பங்காளிகளுக்கு வட்டிக்குக் குடுக்கறது நம்ம வழக்கந்தான? இவங்களும் பங்காளி ஊடுதான? கடனாக் குடுக்கறயான்னு கேட்டா அது வேற கேள்வியல்லங்க"ன்னான். அந்த மாரப்பனுக்கு நான் ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்னு இருக்கறேன், இன்னும் கை கூடல.

தர்மகர்த்தா தாடியச் சொறிஞ்சாரு. சரி கேளுன்னாரு. பூவ மாத்திக் கட்டிப் போட்டாங்க. ஆத்தா, பங்காளிக்குக் கடனாக் குடுக்கறயா, மாசம் நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, பங்குனிக்குப் பங்குனி கணக்கு. இவரு கண்ண மூடிக் கும்புட்டாரு. எடுத்தாரு. எலையப் பிரிச்சா வெள்ளை அரளி. நான் அந்தப் பூவ வாங்கித் தலையில வெச்சுக்கிட்டேன்.

உண்டியலத் தெறந்து முடிச்ச எடுத்தாங்க. அம்மன் முன்னால வெச்சு மாரப்பன் அவுத்தான், அவந்தான் அவுக்கலாம். தர்மகர்த்தா எண்ணினாரு. ஒருக்கா எண்ணினாரு, மறுக்கா எண்ணினாரு. வேண்டுதல் பதினோரு ரூபா போக நாப்பத்தி மூணாயிரத்தி முந்நூறு.

நல்லாக் கேட்டுக்க கண்ணு. நான் வெச்சது முப்பத்தோராயிரத்தி நானூறு. ஒரு வாரம் கூடத் தப்பாம என்ற மனசுல இருக்குது. வந்தது நாப்பத்தி மூணாயிரத்தி முந்நூறு. பன்னெண்டாயிரத்துக்கு நூறு கம்மி, அது எங்கிருந்து வந்துது? புள்ளைக்குக் கட்ட வேண்டியது நாப்பத்தி மூணாயிரம். அதுக்கு முந்நூறு மிச்சம், பஸ் செலவுக்கு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நோட்டு கூட வேற மாதிரி இருந்துது. நான் சுருட்டித் திணிச்ச நோட்டு ஒரு பக்கம், நாலா மடிச்ச நூறு ரூபா நோட்டு ஒரு பக்கம். அந்த மடிச்ச நோட்டுல தேங்காப் பருப்பு வாசம் அடிக்குது. கோயில்ல தெனமும் தேங்கா ஒடைக்கறாங்கல்ல, ஆத்தா கை பட்ட காசு வேற எப்பிடி மணக்கும்? தர்மகர்த்தா ஒரு நோட்ட மோந்து பாத்துட்டு என்னையப் பாக்கல, இவரப் பாத்தாரு. இவரு மொட்டைத் தலையத் தடவிட்டு மேல கோபுரத்தப் பாத்தாரு. பக்தி இருக்கறவங்களுக்குப் பேச்சு வராது அந்த மாதிரி நேரத்துல.

வெள்ளிக்கெழமை பதினொரு மணிக்கெல்லாம் பணம் கட்டியாச்சு. பிரதீபா இப்ப ரெண்டாம் வருசம் போகப் போறா. போன மாசம் வந்திருந்தா, அப்பனுக்கு பிரசரு பாத்து உட்டா. அவரு அந்தக் கைய நாளெல்லாம் கழுவாம வெச்சிருந்தாரு.

ஊருல என்னையக் கேலி பேசறாங்க, சொந்தக் காசுக்கு வட்டி கட்டற பொம்பளைன்னு. கட்டறேன், பங்குனி வரைக்கும் மாசம் நானூத்தி முப்பத்தி மூணு, இப்ப முந்நூத்தி முப்பத்தி மூணு. பேசிட்டுப் போறாங்க. அவங்க பேங்குல எவனாச்சும் போட்ட காசுக்கு மேல பன்னெண்டாயிரம் வெச்சுக் குடுப்பானா? இந்தப் பங்குனிக்கு அசல்லயும் பத்தாயிரம் அடைச்சுட்டோம், மீதிய மாத்தி எழுதிக்கிட்டோம். அதுக்குன்னு புதுசா ஒரு மஞ்சத்துணி முடிஞ்சு வெச்சிருந்தேன். இந்தத் தடவை அவருகிட்ட ஒளிவு மறைவே இல்ல, இது கடனுக்கும் சின்னவ படிப்புக்கும்னு சொல்லியே வெச்சேன். பங்குனியில மாரப்பன் வந்து அவுத்தான். நான் வெச்சது ஏழாயிரத்தி அறுநூறு. இருந்தது பத்தாயிரத்தி எண்ணூறு. மறுக்காவும் குடுத்திருக்கறா பாரு.

என்ன கண்ணு அப்பிடிப் பாக்கற? அவரா? நல்லாக் கேட்ட போ. அவரு கையில நூறு ரூபா ராத் தங்காது கண்ணு, இருவது வருசமாப் பாக்கறேன். அப்பிடி வெச்சிருந்தா என்ற கிட்டச் சொல்லாம இருப்பாரா? வாயில ஒரு ரகசியம் நிக்காது அந்த மனுசனுக்கு. நீ படிச்ச புள்ள, உங்களுக்கெல்லாம் சாமின்னா நம்பிக்கை வராது. பரவால்ல.

ஒண்ணு மட்டும் மாறிட்டேன். சம்பளத்தன்னிக்கு அவருகிட்டச் சண்டை போடறத நிறுத்திட்டேன். கவரு கைக்கு வந்தா வாங்கி வெச்சுக்கறது, கேள்வி கேக்கறதில்ல. ஆத்தா இந்த அளவுக்கு அள்ளிக் குடுக்கறப்ப, பாவம், வெயில்ல நின்னு எடை போடற மனுசன் ஒரு டீக் குடிச்சுட்டுப் போகட்டும்னு மனசு எறங்கிருச்சு. பங்குனிக்கு அப்பறம் வாரம் எரநூறாக் கொறையுது. கொறையட்டும். புது முடிச்சு வீங்கறதப் பாத்தா, ஆத்தாளும் அதுக்குத் தகுந்தாப்புல ஏத்தித்தான் வெக்கறா.